குப்பியில் எழுதிய பெயர்

என் வாயில்தான் சனி உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், "அக்கா கட்டியிலேர்ந்து எடுத்த செல்லு எங்க லேப்ல உசுரோட வளருது" என்று உளறியிருப்பேனா?

ராஜாங்கம் எங்கள் ரெட்டியார்பாளையம் தெருக்காரர். மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி சின்னப்பாப்பா புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பதினைந்தாம் நாள், ஆய்வகத்துக்கே வந்து நின்றார்.

"நாளைக்கிக் கருமாதி. உசுரோட இருக்கறவளுக்கு எப்டி பிண்டம் வைக்கிறது? இருக்காளா, போய்ட்டாளா? சொல்லிடு கலைமகளு."

அன்றுதான் புது மருந்தின் சோதனை முடிவு வந்திருந்தது. 'வயசாயிடுச்சு, பெருகினது போதும்' என்று ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சேதி போகும். புற்றுச் செல் அதைக் காதில் வாங்காது. இந்த மருந்து வாங்கவைக்கும். சின்னப்பாப்பாவின் செல்கள் மூப்படைந்து, தட்டையாக விரிந்து, பெருகாமல் நின்றிருந்தன.

"எல்லாம் அடங்கிடுச்சுங்க. காரியத்த நல்லபடியா செய்ங்க" என்றேன்.

ஒன்றை மட்டும் மறைத்தேன். மருந்து படாத செல்கள் ஒரு குப்பியில், நைட்ரஜன் தொட்டியில் உறைந்து கிடந்தன. குப்பியில் எண்தான் எழுத வேண்டும். நான் பழகிய தோஷத்தில் பெயரை எழுதித் தொலைத்திருந்தேன்.

மறுநாள் காலை திருக்காஞ்சி ஆற்றங்கரையிலிருந்து போன் செய்தார்.

"மரம் பூரா காக்கா. ஒண்ணுகூட பிண்டத்துல வாய் வைக்கல." குரல் தாழ்ந்தது. "அவ இன்னும் எங்கனா இருக்காளாம்மா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொட்டியைத் திறந்தேன். குப்பியின் மேலிருந்த பனியைத் துடைத்தேன். சின்னப்பாப்பா. என் கையெழுத்துதான், ஆனாலும் பயமாக இருந்தது. இதை அழித்தால் என் வேலை போகும். போனால் போகட்டும். வெந்நீரில் உருக்கி, பிளீச்சிங் கரைசலில் கவிழ்த்தேன்.

"போய்ட்டு வாங்கக்கா."

போனில் சிறகடிக்கும் சத்தம். "எடுத்துடுச்சும்மா! எடுத்துடுச்சு!" ராஜாங்கம் விம்மி அழுதார். நானும் அழுதேன்.

அப்புறம்தான் உறைத்தது. செத்தவர்களை அனுப்பும்போது 'வாங்க' என்று எவளாவது சொல்வாளா?

திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். மருந்து கொடுத்து நின்றுபோன அந்தத் தட்டைச் செல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் உருண்டு திரண்டு, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

ராஜாங்கத்திடம் சொல்லவில்லை. இந்த முறையாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.