ஆய்வின்போது அருந்திய தண்ணீர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி, சிமெண்டு லாரிகள் கிளப்பும் புழுதியை அரை மணி நேரம் தின்றால் இந்தக் கதை நடந்த ஊர் வந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நகராட்சியிலிருந்து எனக்கும் ஒரு நோட்டீஸ் வரும். வீரம்மாளுக்கு வந்தது போதும்.

வீரம்மாள் மேட்டுத்தெருவின் கடைசி வீட்டுக்காரி. வயது ஐம்பத்திரண்டு. மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்கவும் கதிரொடிக்கவும் போகிறவள். புருஷன் போய் எட்டு வருஷமாகிறது. ஒரே மகளைச் செந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். இப்போது அவளுக்கென்று இருப்பது ஓர் ஓட்டு வீடு, மழையோ வெயிலோ வலித்துக்கொண்டே இருக்கும் வலது முழங்கால், வாசலில் ஒரு குடிநீர்க் குழாய்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கொள்ளிடத்துத் தண்ணீர் வீடு தேடி வரப்போகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வீரம்மாள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்து டெபாசிட் கட்டினாள். குழாய் நட்ட அன்று அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். தண்ணீரும் வந்தது, பொய் சொல்லக்கூடாது, சரியாக ஆறு மாதம் வந்தது. அப்புறம் நூலாகி, சொட்டாகி, ஒரு ஆடி மாதத்தோடு நின்றேபோனது. மேடு ஏறத் தண்ணீருக்குத்தான் தெரியவில்லை, பில்லுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்காமல் ஏறி வந்து வாசலில் நின்றது.

"வராத தண்ணிக்கு எதுக்குடி காசு? ஒருத்தரும் கட்டாதீங்க" என்று தெருவைக் கூட்டிச் சொன்னவள் வீரம்மாள்தான். முப்பத்திரண்டு வீடும் அவள் பேச்சைக் கேட்டுக் கட்டாமல் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து முப்பத்திரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், டெபாசிட்டும் திரும்பாது. மறுபடி குழாய் வேண்டுமென்றால் மறுபடி டெபாசிட். வீரம்மாள் இரண்டு காதையும் தடவிப் பார்த்தாள். வேப்பங்குச்சிதான் இருந்தது. இந்தக் குழாயை வெட்டிவிட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு குழாய் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

குழாயில் தண்ணீர்தான் இல்லையே, இருந்தால் என்ன போனால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு மைல் தள்ளி இருக்கும் கொல்லையின் போர்செட்டிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக அந்த முழங்காலோடு ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும். குழாய் இருந்தால் என்றைக்காவது வரும் என்று ஒரு நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டுதான் அவள் நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியில் குறைதீர் கூட்டம். தெருவிலிருந்து இருபது பேர் போனார்கள். மனு எழுதியவள் எதிர்வீட்டு அம்பிகா. தையல்காரி, பத்தாவது பாஸ், நாலு வார்த்தை கோர்வையாகப் பேசுவாள். மனுவில் முதல் கையெழுத்து வீரம்மாளுடையது.

அதிகாரிகளின் மேசையில் சின்னச் சின்னத் தண்ணீர் பாட்டில்கள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. அம்பிகா எழுந்து, எரியாத தெருவிளக்கிலிருந்து ஆரம்பித்துச் சாக்கடை வழியாகக் குப்பை வண்டிக்கு வந்தாள். ஆணையர் சின்ன வயசுப் பெண். "ஒவ்வொண்ணா வாங்கம்மா. முதல்ல தண்ணி விஷயத்தப் பேசுவோம்" என்றார்.

உதவிப் பொறியாளர் அறிவரசன் ஒரு பதிவேட்டைப் பிரித்தார். "மேட்டுத்தெரு. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறு டு ஏழு, சப்ளை ஆகுது மேடம். எல்லா நாளும் கையெழுத்து இருக்கு."

வீரம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அந்த நோட்டுல வர்ற தண்ணியத்தாங்கம்மா நாங்களும் கேக்குறோம். அதை எங்க வூட்டுப் பக்கம் திருப்பி விடுங்க."

கூட்டம் சிரித்தது. ஆணையருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடு அவர் ஒரு வழி சொன்னார். பொறியாளர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கட்டும். தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு வருஷ பில்லும் ரத்து, மேட்டுக்குத் தனி மோட்டார். குறை இல்லை என்று அறிக்கை வந்தால் பதினைந்து நாளில் பாக்கியைக் கட்டிவிட வேண்டும், கட்டாதவர்களுக்கு இணைப்பு கட்.

"சரிதானே?"

"சரிங்கம்மா" என்று இருபது வாயும் ஒன்றாகச் சொன்னது. வராத தண்ணீரை எந்த மகராசனால் வருகிறது என்று எழுத முடியும்? திரும்பும் வழியில் அம்பிகா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்றார்கள். தெருவே குளிக்காமல் வேலைக்குப் போகாமல் காத்துக் கிடந்தது. வால்வு திறக்கும் இளையபெருமாள் மட்டும் விடியற்காலையிலேயே வந்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, ஒரு சொட்டும் மேடு ஏறாததைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல வீரம்மாள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவன் கான்ட்ராக்ட் ஆள். தண்ணீர் வராததற்குத் தெருவில் எல்லாரும் அவனைத்தான் ஏசுவார்கள். வீரம்மாளும் ஏசுவாள். ஏசிக்கொண்டே சொம்பை நீட்டுவாள். வாசலுக்கு வந்தவனை வறண்ட தொண்டையோடு அனுப்புவது அவள் பிறந்த வீட்டிலும் பழக்கமில்லை, புகுந்த வீட்டிலும் பழக்கமில்லை.

ஜீப் வந்தபோது மணி பன்னிரண்டரை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அறிவரசன் வீடு வீடாகப் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். காற்றுகூட வரவில்லை. அம்பிகா வீட்டுக் குழாயிலிருந்து எறும்புதான் வரிசையாக இறங்கியது. அவர் நோட்டில் எழுதுவதை அம்பிகா எட்டிப் பார்த்தாள். 'நீர் இல்லை, நீர் இல்லை' என்று ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் நேராக எழுதியிருந்தது. அந்தச் செய்தி அவருக்கு முன்னால் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

முப்பத்திரண்டாவது வீட்டுக்கு வரும்போது மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. குழாயைத் திருகிவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வீரம்மாள் பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்து நிழலில் இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். உள்ளே ஓடி, காலையில் சுமந்து வந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தாள்.

அறிவரசன் கையை நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. நீங்களே தண்ணி இல்லன்னு சொல்லிட்டிருக்கீங்க. உங்களுக்கு ஆகும்."

"அட, குடிங்க சார். நம்ம வூட்டுல தண்ணிக்கென்ன பஞ்சம்? நல்லாக் குடிங்க."

வந்தவர் கூச்சப்படாமல் இருக்க நாம் எல்லாரும் சொல்வதுதான். பானையில் கடைசிக் கவளம் இருக்கும்போதும் 'சோறு நெறையக் கெடக்கு, சாப்பிடுங்க' என்று சொல்வோமே, அந்த மாதிரி. அவர் மடமடவென்று குடித்தார். இரண்டாவது சொம்பையும் குடித்தார். ஜீப் டிரைவரும் வந்து ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தில் முகத்தையும் கழுவிக்கொண்டான். குடத்தில் பாதி போயிற்று.

"நல்ல தண்ணிம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அறிவரசன்.

அன்றைக்கு மத்தியானம் வீரம்மாள் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். மகளுக்குப் போன் போட்டு, "பில்லெல்லாம் தள்ளுபடி பண்ணிடுவாங்கடி, தனி மோட்டாரு வருது" என்றாள். சாயங்காலம் ஒரு குடம் கூடுதலாகப் போய் எடுத்துவந்தாள். முழங்கால் அன்று அவ்வளவாக வலிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போனது. பில் ரத்தாவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? ஆணையர் கோப்பைப் பிரித்து நிதானமாகப் படித்தார். அவர் சிரிக்கவில்லை.

"விநியோக நேரம் காலை ஆறு முதல் ஏழு வரை என்பதால், நண்பகலில் ஆய்வு செய்தபோது குழாய்களில் நீர் இல்லை. எனினும் முதல் மனுதாரர் திருமதி வீரம்மாள் இல்லத்தில் போதிய குடிநீர் இருப்பில் இருந்தது. ஆய்வு அலுவலரும் வாகன ஓட்டுநரும் அதனை அருந்தினர். நீரின் தரம் திருப்திகரமாக இருந்தது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை என மனுதாரரே நேரில் தெரிவித்தார். எனவே குறை ஏதுமில்லை."

வீரம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அம்பிகா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில்தான் விளங்கியது. எழுந்தாள்.

"அம்மா, அது கொழாத் தண்ணி இல்லீங்க. கொல்லையில புடிச்சு நான் சொமந்து வந்த தண்ணிங்க."

"அதை அன்னைக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"குடிக்கிற மனுசங்கிட்ட எப்படிங்கம்மா சொல்றது, இது நான் ஒரு மைலு நடந்து கொண்டாந்த தண்ணின்னு? அவரு குடிப்பாரா அப்புறம்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். வீரம்மாள் பொறியாளரைப் பார்த்துக் கைகூப்பினாள். "சார், நீங்களே சொல்லுங்க சார். எறும்பு வந்ததப் பாத்தீங்கல்ல? மயக்கம் வந்து ஒக்காந்தீங்களே சார்."

அறிவரசன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "நான் பாத்ததத்தான் மேடம் எழுதியிருக்கேன்" என்றார் கோப்பைப் பார்த்து. ஆணையர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மனு ஏதோ கொசு மருந்து பற்றியது.

வெளியே புங்கமரத்தடியில் இளையபெருமாள் நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "தண்ணி வரலன்னு எழுதினா, ரெண்டு வருசமா வருதுன்னு கையெழுத்துப் போட்டவங்க அம்புட்டு பேரும் பதில் சொல்லணும்க்கா. அவரும் அதுல ஒருத்தரு. ஏதாச்சும் ஒரு புடி வேணுமேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொம்போட தூக்கிக் குடுத்துட்டீங்க."

தெரு அவளை விட்டுவைக்குமா? வீடு வந்து சேர்ந்ததும் அம்பிகா வாசலில் நின்று கேட்டாள்.

"உன்னை யாருக்கா கர்ணன் வேஷம் கட்டச் சொன்னது? தண்ணி இல்லன்னு மனுவுல மொதக் கையெழுத்தப் போட்டுட்டு, வந்தவன்கிட்ட பஞ்சமில்லன்னு சொல்லுவியா? முப்பத்தியொரு குடும்பத்த ஒரு சொம்புல முக்கிட்டியேக்கா."

"மயங்கி விழப் பாத்தாருடி அம்பிகா."

"விழட்டுமே! நம்ம தெருவுல தண்ணி இல்லாம விழுந்தாருன்னாவது எழுதியிருப்பாங்க."

அம்பிகா சொல்வது சரிதானே என்று வீரம்மாளுக்கே தோன்றியது, அதுதான் கொடுமை. கோபம் பொறியாளர் மேல் வர வேண்டும். சுற்றிச் சுற்றித் தன் கை மேலேயே வந்து நின்றது. கேட்காமல் சொம்பை நீட்டிய கை.

பதினைந்து நாளில் ஒவ்வொரு வீடாகக் கட்டியது. அம்பிகா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினாள். வராத தண்ணீருக்கு வட்டி வேறு. வீரம்மாளுக்குக் கோடையில் களை வேலையும் கிடையாது, குழுவில் பெயரும் கிடையாது. மகளிடம் கேட்க வாய் வரவில்லை. பதினாறாவது நாள் காலையிலிருந்து அவள் எந்தப் பக்கமும் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இளையபெருமாள்தான் வந்தான், கடப்பாரையோடு. அவனைத் தவிர யாரை அனுப்புவார்கள்? "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கத்திரி வெயிலில் கரிசல் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அவன் ஒரு மணி நேரம் இடித்தான். ஒவ்வோர் இடியும் அவள் முழங்காலில் வந்து விழுந்தது. குழாயை அறுத்தபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி துருப்பொடி கொட்டியது, அவ்வளவுதான். வேலையை முடித்துத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டான்.

"அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

நிலைப்படிக்கு உள்ளே, அவள் காலடியில், விடியுமுன் கொண்டுவந்து வைத்த குடம் முழுசாக இருந்தது. எதிரே அம்பிகா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரம்மாள் குடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி இல்லப்பா."

அவன் அவளைப் பார்த்தான். ஓரமாகத் தெரிந்த குடத்தையும் பார்த்தான். "சரிக்கா" என்றான். கடப்பாரையையும் வெட்டிய குழாயையும் வண்டியில் கட்ட ஆரம்பித்தான்.

வீரம்மாள் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லியாயிற்று. நாக்கு கூசியது. வெளியே அவன் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டதும் பொறுக்க முடியாமல் எழுந்தாள். சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"பெருமாளு! டேய், பெருமாளு!"

வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. புழுதி மட்டும் நின்றது. அம்பிகா மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

வீரம்மாள் சொம்போடு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து, ஒரு சொட்டு சிந்தாமல், அந்தத் தண்ணீரைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றி மூடி வைத்தாள்.