நீட்டப்படாத கடைசித் துண்டு

இதனால் சகல சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பென்னிங்ஹர்ஸ்ட் குடியிருப்போர் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவரும், வேலிச்செடி எவ்வளவு உயரம் வளரலாம் என்று செடிகளுக்கே சட்டம் போட்டவரும், வாசற்கதவுக்கு உகந்த பச்சை எது என்பதை உலகுக்கு அருளியவருமான திரு. ஜைல்ஸ் ஹார்பாட்டில், ஞாயிறன்று ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு அமரரானார்.

கேக் செய்தது மியூரியல் பெட்டிஃபர். அங்கேதான் பிடித்தது வினை.

மியூரியல் ஒரு பல் டாக்டரின் விதவை. வம்புதும்புக்குப் போகாதவள், ஆனால் போன வசந்தத்தில் வாசற்கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டாள். தலைவர் வீடு தேடி வந்து அரைமணி நேரம் உபதேசம் செய்துவிட்டுப் போனார். மறுநாள் மருந்துக்கடை வரிசையில் நின்றபடி, "அந்த மனுஷன் வாயை அடைக்கணும்னா கேக்கைத்தான் வெச்சு அடைக்கணும்" என்று அவள் சொன்னதைக் கடையே கேட்டது. அன்று சிரித்தவர்கள் எல்லாரும் இன்று அதைப் போலீஸில் சொல்லியிருந்தார்கள். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு தேநீர் விருந்து நடந்தது சங்கத்தின் துணைத் தலைவி ரோசலிண்ட் கிராப்ட்ரீயின் வீட்டில். மியூரியலின் வால்நட் கேக்கை ரோசலிண்டே வெட்டி, தட்டுத் தட்டாக நீட்டினாள். எல்லாரும் தின்றார்கள். ஒரு துண்டு மிஞ்சியது. பென்னிங்ஹர்ஸ்டில் வீடே பற்றி எரிந்தாலும் கடைசித் துண்டை எவரும் தொடமாட்டார்கள். ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்து மழை வருமா என்று பேசுவார்கள். அந்தத் துண்டைத் தொடும் நெஞ்சுரம் ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. ஹார்பாட்டில் வழக்கம்போல் "வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று அதை விழுங்கினார். வீட்டுக்குப் போனவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

தட்டில் ஒட்டியிருந்த துணுக்கில் ஃபாக்ஸ்குளோவ் இலைச் சாறு இருந்தது என்றார்கள். கொத்துக் கொத்தாக ஊதாப் பூப் பூத்து, இதயத்தை நிறுத்தும் அந்தச் செடி இல்லாத தோட்டம் அந்த ஊரில் ஏது?

இன்ஸ்பெக்டர் பிளென்கின் அதற்கெல்லாம் மெனக்கெடவில்லை. மியூரியலின் சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, "கேக்கும் உங்களுது, சண்டையும் உங்களுது. இதுல நான் யோசிக்க என்ன மேடம் இருக்கு?" என்றார். மாலைக்குள் மாற்றுத்துணி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். மிச்ச வாழ்நாளைக் கம்பிக்குப் பின்னால் கழிக்க வேண்டும் என்பது மியூரியலுக்குக் கவலையாகத்தான் இருந்தது. தன் கேக் கொலைகாரக் கேக் என்று பெயரெடுத்துவிட்டதே என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் கவலையாக இருந்தது.

பேச்சுக்கு நடுவே இன்ஸ்பெக்டர் அவள் வைத்த பிஸ்கட்டுகளைக் கொறித்து முடித்திருந்தார். ஒன்று மிஞ்சியது. தன்னைச் சிறைக்கு அனுப்ப வந்தவரிடம் மியூரியலின் கை தானாகத் தட்டை நீட்டியது.

"எடுத்துக்கோங்க."

"ஐயையோ, வேணாம் மேடம். போதும்."

"ஒண்ணே ஒண்ணுதானே."

"இல்ல இல்ல, நீங்க எடுத்துக்கோங்க."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மியூரியலின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. அன்று மாலை ரோசலிண்ட் வீட்டில் தலைவருக்கு இரங்கல் கூட்டம். "என்னைப் பிடிக்கிறதா இருந்தா அங்க வந்து பிடிங்க. ஊரே இருக்கும், உங்களுக்கும் பெருமை" என்றாள். பெருமை என்றதும் இன்ஸ்பெக்டர் சம்மதித்தார்.

கூட்டத்துக்கு அவள் இன்னொரு வால்நட் கேக் செய்து எடுத்துப் போனாள். அதைக் கண்டதும் நாற்காலிகள் அரையடி பின்னால் நகர்ந்தன. வேலிச்செடிகளே கண்ணீர் விடும்படி மூன்று பேர் தலைவரைப் புகழ்ந்து முடித்த பிறகு, மியூரியல் எழுந்து நின்றாள்.

"ரோசலிண்ட், உங்க வீட்டுல எத்தனையோ வருஷமா டீ குடிக்கிறேன். கடைசித் துண்டு மிஞ்சினா தட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து கேப்பீங்க. நாங்க வேணாம்னு சொல்லுவோம். அப்புறம்தான் ஜைல்ஸ் எடுப்பார். போன ஞாயித்துக்கிழமை நீங்க யாரையும் கேக்கல. துண்டை மேசையிலயே விட்டுட்டு, கெட்டில்ல தண்ணி வைக்கப் போயிட்டீங்க."

அறையே மூச்சை உள்ளே இழுத்தது. கொலைச் செய்தி கேட்டபோதுகூட இந்த ஊர் இப்படி அதிர்ந்ததில்லை. விருந்தாளியைக் கேட்கவில்லையாமே! மூலையில் ஒரு கிழவர், "ஆமா, என்னைக் கேக்கல. நானும் கவனிச்சேன், சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்று முணுமுணுத்தார்.

ரோசலிண்டின் கழுத்திலிருந்து சிவப்பு மேலேறியது. கொலைகாரி என்றால் வக்கீல் வைத்து மறுத்திருப்பாள். உபசரிக்கத் தெரியாதவள் என்ற பழியை அவள் வம்சமே தாங்காது.

"எப்படிங்க கேப்பேன்?" என்று எழுந்தாள். "கேட்டு, யாராவது ஒருத்தர் சரின்னுட்டா? விஷம் தடவின துண்டை விருந்தாளி மூஞ்சிக்கு நேரா நீட்டச் சொல்றீங்களா? என்னை என்ன, மரியாதை தெரியாதவன்னு நினைச்சீங்களா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பத்தொன்பது வருஷம் துணைத் தலைவியாகவே காத்துக் கிடந்ததை ரோசலிண்ட் தானாகவே கொட்டினாள். வண்டியில் ஏறுமுன், எல்லாருக்கும் இன்னொரு கோப்பை தேநீர் கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் நடந்தது பென்னிங்ஹர்ஸ்ட் சரித்திரத்தில் நடவாதது. வீட்டுக்குள்ளேயே கை தட்டினார்கள். நகர்ந்த நாற்காலிகள் திரும்பி வந்தன. கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். கேக் வந்த டப்பாவை இன்ஸ்பெக்டர் வெறுமையாகச் சுமந்து பின்னால் வர, மியூரியல் நடுத்தெருவில் ராணி மாதிரி வீட்டுக்கு நடந்தாள். வேலிக்கு வேலி தொப்பிகள் கழன்றன. அடுத்த மாதம் சங்கம் அவளை ஒருமனதாகத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பதவிக்கு வேறு யாரும் மனுச் செய்யவில்லை. ஆசைப்பட்ட இருவரில் ஒருவர் கல்லறையிலும் மற்றவர் சிறையிலும் இருந்தார்கள்.