மூப்பர் வீட்டுப் பொருத்தனைகள்

என் அத்தான் பியோ சொங்குக்கைப் பெருமைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெருமை பாவம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதை ஜெபத்துக்குள் வைத்துத்தான் வெளியே எடுப்பார்.

சொங்ஜூ நகரத்தில் எங்கள் சபைக்கு அவர் மூத்த மூப்பர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் அவர் மனைவி ஓக்சூனின் தங்கை மிசூன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவர்கள் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தேன். சபையில் பியானோ வாசிப்பதும் நான்தான். அந்த இடத்தில் உட்கார்ந்தால் மேடையும் தெரியும், ஜனங்களின் முகமும் தெரியும். ஆகையால் 2002 ஜூன் மாதம் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை என்னைவிட நன்றாகப் பார்த்தவர் கிடையாது.

அந்த மாதம் உலகக் கோப்பைக் கால்பந்து எங்கள் நாட்டிலேயே நடந்தது. ஊர் முழுக்கச் சிவப்புச் சட்டை. ஆனால் நம் அணிக்குக் கூச்சல் போடும் ரசிகர் கூட்டத்துக்குச் ‘சிவப்புப் பிசாசுகள்’ என்று பெயர். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த அக்கா மகன் ஜூசான் ஒரு சட்டை வாங்கி வந்தான். அத்தான் அதைக் கையால் தொடாமல் சாப்பாட்டுக் குச்சியால் தூக்கிப் பார்த்தார்.

“என்னடா இது, பிசாசோட சட்டையை வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்ட?”

“இதுல பிசாசுன்னு எங்கப்பா எழுதியிருக்கு? சிவப்பா இருங்கன்னுதான் இங்கிலீஷ்ல போட்டிருக்கு.”

“ஏன், பிசாசுக்கு இங்கிலீஷ் வராதா?”

கடைசியில் அக்கா அந்த எழுத்தை மறைத்து வெள்ளைத் துணியில் ஒரு பெரிய சிலுவையைத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், பார்த்தவர்களெல்லாம் அவனைச் சுவிட்சர்லாந்துக் கொடியைப் போர்த்திய ரசிகன் என்று நினைத்தார்கள். அந்த வருஷப் போட்டியில் சுவிட்சர்லாந்தே இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் மேங் மூப்பரால் ஆரம்பித்தது. தண்ணீர்க்குழாய்க் கடை வைத்திருந்த அவர் அத்தானுக்கு அடுத்த இடத்து மூப்பர். இருபது வருஷமாக அந்த அடுத்த இடத்திலேயே இருந்து அலுத்துப்போனவர். மே மாதக் கடைசி ஞாயிறு சபைக்காக ஜெபிக்கும் முறை அவருக்கு வந்தது. நம் அணி ஒரு ஆட்டம் ஜெயித்தால் மூன்று நாள் உபவாசம் இருப்பதாக ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தார். ஆமென் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தானின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அத்தானின் முறை. “ஆண்டவரே, நீர் எங்கள் அணிக்கு ஒரே ஒரு ஜெயம் தந்தால், நானும் என் குடும்பமும் நாற்பது நாள் அதிகாலை ஜெபத்துக்கு வருவோம்” என்றார். மூன்றைவிட நாற்பது பெரியது. ஆமென் கூரையைத் தொட்டது.

வீட்டுக்கு வரும்போது காரில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜூசான்தான் கேட்டான்.

“குடும்பம்னா நானுமாப்பா?”

“பயப்படாதடா. நாப்பத்தெட்டு வருஷத்துல அஞ்சு உலகக் கோப்பை போயிருக்கோம். பதினாலு ஆட்டம். ஒண்ணு ஜெயிச்சிருக்கோமா?”

“அப்ப ஆண்டவர்கிட்ட ஏமாத்து வேலையா?”

“விசுவாசம்டா, விசுவாசம்!”

செவ்வாய்க்கிழமை போலந்தை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். முதல் கோலுக்கு அத்தான் தன்னை மறந்து குதித்தார். கால் தரையில் படுமுன்னே ஞாபகம் வந்துவிட்டது போல, பாதியிலேயே முகம் மாறி உட்கார்ந்தார். அடுக்குமாடி முழுக்கக் கூத்தாடியது. எங்கள் வீட்டில் அக்கா எழுந்துபோய் அலாரத்தை நாலரைக்கு வைத்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் குடும்பமாக விடியலில் வந்து நிற்பதைப் பாஸ்டர் மேடையிலேயே பாராட்டினார். இப்படி ஒரு வீடு இருந்தால் தேசமே உருப்படும் என்றார். அத்தானுக்கு அது போதாதா? அமெரிக்காவோடு ஆடியபோது அவர் கடையில் இருந்தார், ஆட்டம் சமன். அடுத்து போர்ச்சுகல் என்றதும் புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்தார். ஜெயித்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது என்றார். போர்ச்சுகல் உலகத்திலேயே ஐந்தாவது அணி என்று அன்று காலைப் பத்திரிகையில் வந்திருந்தது.

போர்ச்சுகலில் இரண்டு பேரை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். ஒரு கோலில் ஜெயித்தோம். மறுநாள் அக்கா குளிர்பெட்டியில் இருந்த பன்றி வயிற்றுக்கறியை எடுத்துக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் அன்றைக்கே ஜன்னலைத் திறந்துவைத்துச் சுட்டார்கள். ஜூசான் பால்கனியில் நின்று அந்தப் புகையைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டான்.

அக்கா பாஸ்டர் வீட்டுக்கே போனாள். “பாஸ்டர், இனிமே எங்க வீட்டுக்காரர் கையில மைக் குடுக்காதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்.” பாஸ்டரும் சரி என்றார். ஆனால் அத்தானுக்கு மைக் எதற்கு? ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், இருந்த இடத்திலேயே எழுந்து, இத்தாலியை ஜெயித்தால் தன் காரைச் சபைக்குக் கொடுப்பதாகக் கத்தினார். மேங் மூப்பர் முதல் ஆளாக ஆமென் சொன்னார்.

“மூணு தடவை கோப்பை வாங்கினவன் இத்தாலிக்காரன்” என்று வீட்டில் சமாதானம் சொன்னார் அத்தான். “தோக்கறதே நமக்கு மரியாதை.”

செவ்வாய்க்கிழமை வாழ்க்கையில் முதல்முறையாக நாங்கள் ஒரே மனதாக ஜெபித்தோம். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. ஆரம்பத்திலேயே நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வீணானது. “ஸ்தோத்திரம்” என்றாள் அக்கா மெதுவாக. பிறகு இத்தாலி ஒரு கோல் போட்டது. ஜூசான் எழுந்துபோய் எல்லோருக்கும் பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். நேரம் போகப்போகத் தெருவே இழவு வீடாக இருந்தது. நாங்கள் முலாம்பழம் நறுக்கிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் கார்ச்சாவியைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்தார்.

எண்பத்தெட்டாவது நிமிஷம் நம்மவர்கள் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது இன்னொன்று. ஊரெல்லாம் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதது. எங்கள் வீட்டிலும் அழுகைதான்.

மறுநாள் விடியலில் நாலு பேரும் சபைக்கு நடந்தே போனோம். திரும்பி வரும் வழியில் பின்னால் பழக்கமான ஹாரன் சத்தம். ராத்திரியே சபைக்கு வந்து சேர்ந்த அத்தானின் காரைப் பாஸ்டர், வயதானவர்களைக் கூட்டிவரச் சொல்லி மேங் மூப்பரிடம் கொடுத்திருந்தார்.

“ஏறுங்க மூப்பரே. என்ன கூச்சம்? சபை வண்டிதானே!”

“வேண்டாங்க. நடக்கறது உடம்புக்கு நல்லது.”

“அதுவும் சரிதான். ஸ்பெயினுக்கு என்ன குடுக்கப் போறீங்க? வீடா?”

அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அத்தான் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. மாலைக் கூட்டத்தில் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். முப்பது வருஷத்தில் அவள் சபையில் சத்தமாக ஜெபித்தது அதுவே முதல் தடவை.

“ஆண்டவரே, ஸ்பெயினை நாங்க ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் முந்நூறு பேருக்கு சோறாக்கி, சூப்பு வெச்சு, கிம்ச்சி நறுக்கி, பாத்திரம் கழுவுற ஊழியத்தை ஒரு வருஷத்துக்கு எங்க வீட்டுக்காரர் செய்வார். எங்க வீட்டு சார்பா நான் பொருத்தனை பண்றேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஆமெனை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வேதத்தில் ஒரு சட்டம் உண்டு. மனைவி செய்த பொருத்தனையைக் கணவன் கேட்ட அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லி ரத்து செய்யலாம். பேசாமல் இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும். வசந்த காலத்தில் ஆண்கள் வேதபாட வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியவரே அத்தான்தான். வாயைத் திறந்தார். முந்நூறு பேருக்கு முன்னால், கடவுளுக்காகப் பாத்திரம் கழுவ மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“மூப்பர் ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கே?” என்றார் மேங் மூப்பர் அக்கறையாக.

“ஆ…மென்” என்றார் அத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் சபைக் கூடத்தில் பெரிய திரை கட்டினார்கள். அதுவரை பந்தையே பார்த்திராத கிழவிகள்கூடப் பானை மூடிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தான் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மிசூன், ஸ்பெயின்காரனும் ஆண்டவரோட பிள்ளைதானே?”

“ஆமா அத்தான். அவங்க வீட்லயும் யாராவது பாத்திரம் கழுவணும் இல்ல?”

இரண்டு மணி நேரம் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டி வந்தது. ஸ்பெயினின் நாலாவது அடியை நம் கோல்காப்பாளர் தடுத்தார். நம் ஐந்தாவது அடி வலைக்குள் போனது. பானை மூடிகளின் சத்தத்தில் பாஸ்டர் ஜெபித்தது யாருக்கும் கேட்கவில்லை. கண் மூடியிருந்த அத்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்து அக்காவைப் பார்த்தார். அவள் மேங் மூப்பரின் மனைவியோடு கைகோத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் ரோஜாநிற ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். முதல் அண்டாச் சோறு அடிப்பிடித்தது. முள்ளங்கிச் சூப்பில் உப்பு இல்லை. மூப்பர் செய்தது என்பதால் முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்றைக்கே பாஸ்டர், இனிமேல் கால்பந்தைக் குறித்து யாரும் எந்தப் பொருத்தனையும் செய்யக் கூடாது என்று அறிவித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து மிகுந்த பக்தியோடு ஆமென் வந்தது.

ஜெர்மனியோடு அரையிறுதி. எங்கள் வீட்டில் அன்றைக்கு எந்தப் பேரமும் இல்லை. அத்தான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தோல் உரிந்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே பார்த்தார். அரை மணி நேரம் போனதும் கேட்டார்:

“ஏண்டா, அந்த ஓரமா ஒருத்தன் கொடி வெச்சுக்கிட்டு ஓடறானே, அவன் எந்தக் கட்சி?”

“லைன்ஸ்மேன்ப்பா! இவ்வளவு நாளா நீங்க பாக்கவே இல்லையா?”

“எங்கடா பாத்தேன்? கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்.”

அதன்பிறகு ஜூசான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றுக்கும் “அப்படியா!” என்றார். நடுவர் கண்ணுக்கு நல்ல கண்ணாடி ஒன்று வேண்டும் என்றார். ஒரு கோலில் தோற்றோம். அவர் குழந்தை மாதிரி அழுதார். ஜூசானும் அழுதான். அக்கா இரண்டு பேருக்கும் மூக்கைத் துடைக்க ஒரே துண்டைக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அத்தானின் சோறு பரவாயில்லை என்று நாலு கிழவிகள் வாய்விட்டுச் சொன்னார்கள். அது மேங் மூப்பரின் காதில் விழுந்துவிட்டது. மறுவாரம் அவரும் சொந்தக் கையுறையோடு வந்து நின்றார். நான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது இரண்டு மூப்பர்களும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். யார் தட்டில் அதிகம் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. ஓக்சூன் அக்கா வாசல் பெஞ்சில் மேங் மூப்பரின் மனைவியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள போய் நிறுத்தச் சொல்லவா, அக்கா?” என்றேன். “ரெண்டு மாசத்துப் பூண்டு உரிச்சுட்டாங்க.”

“உனக்கென்னடி அவசரம்?” என்றாள் அக்கா. “வெங்காயம் இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு.”