உப்புச் சுரங்க வாசலில் ஓர் எருமை

1

இந்தக் கதை ஒரு ஃபோன் அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை ஊற்று, உள்மனத் தூண்டல் என்றெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. என் சாகசத் தொடரின் பத்தாவது பாகத்துக்கு, அதாவது கடைசிப் பாகத்துக்கு, அட்டைப்படம் தயாராகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் கூப்பிட்டார்.

"சார், எருமை எங்க?"

"எந்த எருமை?" என்றேன்.



2

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாடிழந்த இளவரசன் ஒருவன். அவனுக்குத் துணையாக ஓர் எருமை. எதிரியை முட்டும், வெள்ளத்தில் நீந்தும், இளவரசன் அழுதால் கையை நக்கும். மற்ற எழுத்தாளர்களுக்குக் குதிரை, பருந்து, ஓநாய் எல்லாம் அமைகிறது. எனக்கு இதுதான் அமைந்தது. விசுவாசம் என்றால் இதுவல்லவா விசுவாசம் என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். ஒருவர் தன் ஸ்கூட்டருக்கே அதன் பெயரை வைத்திருக்கிறார்.*

(* மேகராணி. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நான் எழுதவே இல்லை. மறந்துபோச்சு. ஸ்கூட்டர்காரர்தான் ஞாபகப்படுத்தினார்.)

எங்கள் வேலைமுறையையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அட்டைதான் முதலில். கடைகளுக்கு முன்கூட்டியே அனுப்பி ஆர்டர் பிடிப்பதற்கு அது வேண்டும். அக்கா வரைவாள், அவள் வரைந்ததற்கு ஏற்ப நான் கதை எழுதுவேன். அட்டையில் எரிமலை இருந்தால் கதையிலும் எரிமலை. [ஒருமுறை தூரிகையிலிருந்து சொட்டிய பச்சைப் பெயிண்டைத் தீவு என்று நினைத்து நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். அந்தத் தீவுக்குத் தனி ரசிகர் மன்றம் இருக்கிறது.]

3

பத்தாம் பாகத்து அட்டையில் கோட்டை இருக்கிறது, இளவரசன் இருக்கிறான், எருமை இல்லை. அதனால் என்ன, எழுதிச் சமாளித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"எருமை முன்தினம்தான் வீரமரணம் அடைந்திருந்தது. இளவரசன் தன் கண்ணீரை"

வேண்டாம். ஸ்கூட்டர்காரர் வீட்டுக்கே வந்துவிடுவார்.

"கோட்டைக்குள் எருமைகளுக்கு அனுமதி இல்லை என்று காவலன்"

சே.

சரி, போன பாகத்தில் அதை எங்கே விட்டோம் என்று பார்ப்போம் என்று ஒன்பதாம் பாகத்தை எடுத்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் வந்து ஒன்பது பாகங்களின் கடைசி அத்தியாயங்களையும் படித்தேன். முதல் பாகத்தில் இளவரசன் படகேறிப் போகிறான். எருமை கரையிலேயே நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் அதை எரிகிற நகரத்தில் விட்டுவிட்டு ஓடிவருகிறான். நான்காம் பாகத்தில் பனிமலை உச்சியில். ஒவ்வொரு முறையும் நான் மறந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய எருமையை! ஒவ்வொரு முறையும் அடுத்த அட்டையில் அது அவன் பக்கத்தில் நின்றிருக்கிறது. அட்டையில் இருக்கிறதே என்று நானும் எழுதித் தள்ளியிருக்கிறேன்.

4

அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, எருமைய மறந்துட்டியா?"

"யாரு, நானா?" சிரித்தாள். "ஒம்பதாவதுல அத எங்கடா விட்ட?"

"உப்புச் சுரங்க வாசல்ல. தூண்ல கட்டிட்டு இளவரசன் உள்ள போனான்."

"வெளிய வந்தானா?"

"வேற வழியா வந்துட்டான்."

"அப்ப அது இன்னும் அங்கதானே நிக்குது? முன்னாடி எட்டுத் தடவையும் சும்மா விட்டுட்டுப் போன. நடந்தோ நீந்தியோ வந்துருச்சுன்னு நான் வரைஞ்சேன். இந்தத் தடவ கட்டிப் போட்டுட்டில்ல வந்திருக்க? கயித்த நீதான் அவுக்கணும்."

"ஒரு எருமைதானேக்கா. ஓரமா வரைஞ்சு குடேன். பதிப்பாளர் உயிர எடுக்குறாரு."

"நீ விட்டுட்டுப் போறதையெல்லாம் நானே தூக்கிட்டு வரணுமா? குடையக் கொண்டாந்து குடுத்தேன். மூக்குக் கண்ணாடியக் கொண்டாந்து குடுத்தேன். வீடு மாத்துறேன்னு அப்பாவ இங்க விட்டுட்டுப் போன. மாத்தி நாலு வருஷம் ஆச்சுடா எருமை!"

(கடைசிச் சொல் என்னைக் குறிக்கிறது. கதையில் வருவதை அக்கா எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள்.)

5

ஆக, முடிவுகள்.

கயிறு தானாக அறுந்துவிடுகிறது. எனக்கு வசதியான முடிவு. நான்கு வருடமாக இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அல்லது, எருமை தூணையே பெயர்த்துக்கொண்டு வந்து கோட்டைக் கதவை இடித்துத் தள்ளுகிறது. விசில் பறக்கும்.

அல்லது, போர் தொடங்குகிற நேரத்தில் இளவரசன் எதிரிகளிடம் "கொஞ்சம் இருங்கள், வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஏழு நாள் வழி திரும்பிப் போகிறான். எதிரிகள் என்ன செய்வதென்று தெரியாமல் கேடயங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

மூன்றாவதை எழுதத் தொடங்கினேன். இளவரசன் சுரங்க வாசலை அடைந்தான். எருமை தலையைத் திருப்பியது. அது

அது என்ன செய்யும்? நக்குமா, முட்டுமா, கண்டுகொள்ளாமல் அசைபோடுமா? ஒரு வரி வரவில்லை. காத்துக்கிடந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் போனதே இல்லை. வெட்கமாக இருந்தது.

பேனாவை மூடிவிட்டு பஸ் ஏறினேன்.

6

[இந்தப் பகுதிக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.]

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா தூரிகைகளைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கிளம்புங்கப்பா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று பஸ்ஸில் வரும்போதே பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்து கேட்டார்.

"என்னப்பா, பத்து நாள்ல வர்றேன்னு போனியே, ஆயிடுச்சா?"

குத்திக்காட்டினாரா, கேலி செய்தாரா, நிஜமாகவே நாள் தெரியாமல் கேட்டாரா, ஒன்றும் பிடிபடவில்லை. நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று நானே எழுதினால் என்னை நல்லவனாக எழுதிவிடுவேன். ஒன்பது பாகமாக இளவரசனை அப்படித்தான் எழுதினேன். அதனால் நீங்கள் சொல்லுங்கள், அவரிடம் என்ன சொல்லட்டும்? கொஞ்சம் சீக்கிரம். ஊசியை வைத்துவிட்டு அவர் எழுந்திருக்கிறார்.