கோணவடிகால் கொரம்பு

கனிமொழியின் திட்டத்தைக் கெடுத்தது மழை இல்லை. மழை வரும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தானே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்? கெடுத்தது அவளே கேட்டு வாங்கி அடுக்கி வைத்த மணல்மூட்டைகள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிற சின்ன நகராட்சி அது. மாறிவரும் பருவநிலைக்கு ஊரைத் தயார்படுத்த வேண்டும் என்று மேலே ஒரு திட்டம் போட்டு, அதைக் கவனிக்க ஓர் ஆளையும் போட்டார்கள். அந்த ஆள் கனிமொழி. பதவியின் பெயர் வாயில் நுழையாததால் தூய்மைப் பணியாளர்கள் அவளை 'மழை மேடம்' என்றார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். முன்பு ஐப்பசியும் கார்த்திகையும் நின்று நிதானமாகப் பெய்ததை இப்போது வானம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரை ஊருக்கு வெளியே கொண்டுபோக இருப்பது கோணவடிகால் ஒன்றுதான். அதைத் தூர் வார வைப்பதற்குள் அவள் ஏறாத ஆபீஸ் இல்லை, கெஞ்சாத ஆள் இல்லை.

ஆவணியில் வாரி முடித்த தைரியத்தில் பள்ளத்தெருவுக்குப் போய் ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தாள்.

"இந்த வருஷம் யாரும் ஸ்கூலுக்குப் போய்ப் படுக்க வேண்டாம். தண்ணி தெருவுல நிக்காது. நான் சொல்றேன்."

நம்பினார்கள். அதுதான் வினை. இன்று காலை பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே இருந்த கிழடு கட்டைகளைக் கட்டில்மேல் கட்டில் போட்டு ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று பார்க்க, கொட்டுகிற மழையில் ஜேசிபியில் தொற்றிக்கொண்டு வடிகால் கரையோடு வந்தாள் கனிமொழி. ஓட்டி வந்த ஃபாஜிலின் வீடும் பள்ளத்தெருவில்தான் இருந்தது. வழியெல்லாம் அவன் அவள் பக்கம் திரும்பாமல் கரையையே பார்த்து ஓட்டினான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

நகராட்சி எல்லைக்கல் இருக்கும் வளைவுக்கு வந்ததும் ஃபாஜில் வண்டியை நிறுத்தினான்.

"மேடம், அங்க பாருங்க."

வடிகாலுக்குக் குறுக்கே ஒரு கொரம்பு. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. தண்ணீர் குறைந்த நாளில் ஓடுகாலுக்குக் குறுக்கே மூங்கில் அடித்து, வைக்கோலும் மண்ணும் போட்டு மட்டத்தை உயர்த்தி வயலுக்குத் திருப்பிக்கொள்வார்கள். ஐப்பசி பிறந்ததும் பிரித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கொரம்பில் மண்ணுக்குப் பதிலாக வரிசை வரிசையாக மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நகராட்சி முத்திரை. வெள்ளம் வந்தால் தடுக்க என்று அவள் வாங்கி வைத்தவற்றை எடுத்து, வறட்சியில் வடிகாலை அடைத்திருக்கிறார்கள்! மிதந்து வந்த ஆகாயத்தாமரை முழுக்க அதில் வந்து ஒண்டி, கொரம்பு இப்போது மதில் கணக்காக நின்றது. மேல்பக்கம் ஊரே மூழ்க, கீழ்ப்பக்கம் கணுக்கால் தண்ணீர்.

கொரம்பின்மேல் தலையில் உரச்சாக்கை முக்காடு மாதிரிக் கொங்காணி மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அது ஐயாவு. கனிமொழியின் அப்பா.

அவள் ஜேசிபியிலிருந்து இறங்கி ஓடினாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கே?"

"என்ன பண்ணினேன்? புரட்டாசியில நாத்து கருகுச்சு. தியாகேசன்கிட்ட கேட்டோம். 'மூட்டை சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கங்க'ன்னாரு. கவுன்சிலரே சொல்றப்ப எங்களுக்கென்ன?"

"ஐப்பசியில பிரிச்சிருக்கணும்ல?"

"பிரிக்கத்தான் இருந்தோம். ஆறு நாள் மழை ஒரு நாள்ல வரும்னு நான் கண்டேனா? அது தெரிஞ்சவ நீதானே?"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஃபாஜில் பக்கெட்டைத் தூக்கிவிட்டான். "பெரியவரே, எறங்குங்க. எங்க வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

ஐயாவு இறங்கவில்லை. "இதை ஒடைச்சா தண்ணி எங்க போகும்னு உங்க மேடத்தைக் கேளு தம்பி."

எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? கொரம்புக்குக் கீழே வடிகால் தூர்ந்து கிடந்தது. நகராட்சிப் பணம் எல்லைக்கல்லோடு நின்றது. அதற்கு அப்பால் வேறு துறை, வேறு கையெழுத்து. இவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகப் பாய்ந்தால் முழங்கால் உயரக் கரை தாங்காது. முதலில் மூழ்குவது ஐயாவுவின் ஆறு மா நிலம். மற்றவர்கள் வயல் மேட்டில் இருந்தது. பள்ளத்தில் இருந்ததால்தான் இது இவர் கைக்கு எட்டிய விலையில் வந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்த கீழத்தெருக் குடும்பம். தன் பெயரில் பட்டா வாங்கி அவர் போட்ட முதல் சம்பா அது. தண்ணீர் வரத் தாமதமானதால் தாமதமாக நட்டது, இன்னும் ஒரு சாண்கூட வளரவில்லை. மேலே தண்ணீர் நின்றால் அழுகிப் போகும்.

"உங்க எல்லை வரைக்கும் வாய்க்கா வெட்டுவீங்க, தூர் வாருவீங்க, போட்டோ புடிப்பீங்க. அப்புறம் எங்க தலையில கொட்டிட்டுப் போவீங்க" என்றார் ஐயாவு. மழையையும் மீறி அவர் குரல் கேட்டது. "எந்தக் காலத்துலயும் ஊர்த்தண்ணி கீழத்தெருப் பக்கம்தான் வடியணுமா? நீ படிச்சுப்புட்டுப் போட்ட பிளானும் அதைத்தான் சொல்லுதா கனி?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். உண்மை என்னவென்றால், அவள் போட்ட திட்டம் அதைச் சொல்லவில்லை. வடிகாலின் இடது கரைக்கு அப்பால் சாவித்திரியம்மாவின் நிலம் இருந்தது. சாகுபடி செய்ய ஆளில்லாமல் தரிசாகக் கிடக்கும் பெரிய தாழ்வான பரப்பு. வெள்ளக்காலத்தில் தண்ணீரை அங்கே தேக்கலாம் என்று அவள் எழுதியிருந்தாள். மன்றக் கூட்டத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார்கள். அங்கே மனை போடப் போகிறார்களாம்! இப்போதும் வரிசையாக நட்ட கல்லும் கலர்க் கொடியும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஒரு வீடு இல்லை, மனிதர் இல்லை, வெறும் கோரைப்புல்.

ஃபாஜிலின் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அவன் மனைவி நுஸைபா.

"கட்டிலைத் தொட்டுருச்சுங்க. உங்க அத்தாவைத் தூக்கி அலமாரி மேல உக்கார வெச்சிருக்கோம். இதுக்கு மேல தூக்க எடமில்ல. எப்பங்க வடியும்?"

ஃபாஜில் கனிமொழியைப் பார்த்தான். "சொல்லுங்க மேடம். எப்ப வடியும்?"

அவள் சாவித்திரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, உங்க நிலத்துக் கரையை வெட்டி விடணும். பள்ளத்தெரு முழுகுது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஐயையோ! அங்க என் பையன் ராம்கி கல்லு நட்டிருக்கானேம்மா."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

"அவன் கனடாவுல தூங்கிட்டிருப்பான். அவனைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

"நிலம் உங்க பேர்லதானே இருக்கு?"

"பேர்ல இருந்தா?" என்றார் சாவித்திரியம்மா. அந்தக் குரலில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. "தப்பா நினைச்சுக்காதே. என்னால சொல்ல முடியாதும்மா." போன் நின்றது.

அடுத்தது கமிஷனர் பரணிதரன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எல்லாமே சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

"கொரம்பு சட்டவிரோதம். உடைச்சுட்டு வாங்க. பட்டா நிலத்துல கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்."

"கீழ இருக்கறதும் பட்டா நிலம்தான் சார்."

"அதை நாம வெட்டலையே? தண்ணி தானா போகுது. புரியுதா?"

புரியாமல் என்ன? நன்றாகவே புரிந்தது. கொரம்பை உடைத்தால் யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கீழத்தெரு வயல் மூழ்கியதற்கு இந்த ஊரில் என்றைக்கு யார் பதில் சொன்னார்கள்? இடது கரையை வெட்டினால் வேலை போகும், வழக்கு வரும், அவளை நம்பித் தொடங்கிய திட்டத்துக்கும் மூடுவிழா. தப்பிக்க வழி கண்ணெதிரில் இருந்தது, அந்த வழியில் அவள் அப்பா நின்றிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. கெட்ட கோபம் வந்தது. அப்பாமேல், கமிஷனர்மேல், அந்த எல்லைக்கல்மேல், எல்லார்மேலும் வந்தது.

"ஃபாஜில் அண்ணே, எடது கரையை வெட்டுங்க."

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்க மேடம்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் பேரையே சொல்லுங்க."

அவன் மறுபடி கேட்கவில்லை. பக்கெட் கரையில் இறங்கியது. மூன்றாவது அள்ளலில் மண் தானாகவே சரிந்தது. தேங்கிக் கிடந்த தண்ணீர் திமிறிக்கொண்டு தரிசுக்குள் பாய்ந்தது, கலர்க் கொடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சேறும் நுரையும் ஜேசிபியின் டயர்வரை தெறித்தன. கொரம்பை முட்டிக்கொண்டிருந்த ஆகாயத்தாமரை மெல்ல நகர்ந்து வெட்டிய வாய்ப் பக்கம் திரும்பியது. கனிமொழி கண்ணிமைக்காமல் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்த சேற்றுக்கோடு மெதுவாக, மிக மெதுவாக மேலே தெரிய ஆரம்பித்தது.

நுஸைபா மறுபடி கூப்பிட்டாள். "எறங்குதுங்க! கட்டிலுக்குக் கீழ போயிருச்சு!" ஃபாஜில் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலர் தியாகேசன் நாலைந்து பேரோடு பைக்கில் வந்து சேர்ந்தார். தண்ணீர் ஏறும்போது வராதவர்கள் இறங்கும்போது வந்துவிடுவார்கள்! கரையைப் பார்த்தார், கொரம்பைப் பார்த்தார், ஐயாவுவைப் பார்த்தார். செல்போனை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டோ பிடித்தார்.

"அடடா. மேடத்தோட அப்பா வயலுல ஒரு சொட்டு ஏறல. ராம்கி மனையில கடல். ரொம்ப நல்ல திட்டம்."

"மூட்டை குடுத்தது நீங்கதானே?" என்று சீறினாள் கனிமொழி.

"நான் குடுத்ததுக்கு எங்க எழுத்து இருக்கு? கரையை வெட்டச் சொன்னது நீங்கதான்னு டிரைவரே சாட்சி."

கமிஷனரின் போனும் வந்துவிட்டது. யாரோ அதற்குள் ஓதிவிட்டார்கள். மழையில் காது கேட்காமல் அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"கனிமொழி, அந்தக் கொரம்பு போட்டது உங்க அப்பாவாமே? அவர் வயலைக் காப்பாத்தத்தான் பட்டா நிலத்தை வெட்டினீங்களா? நாளைக்குக் கலெக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. அப்பா வயல் என்பதற்காகத்தான் செய்தாளா? இல்லை என்று உடனே சொல்ல அவளால் முடியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

ஐயாவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கரையில் வைத்தார். தண்ணீரில் இறங்கினார். கொரம்பின் மேல்வரிசை மூட்டை ஒன்றைப் பிடித்து இழுத்துப் புரட்டிவிட்டார்.

"அப்பா! என்ன பண்றே?"

இரண்டாவது மூட்டையும் போனது. இடைவெளியில் தண்ணீர் சிரித்துக்கொண்டு வழிந்தது.

"அப்பா, வேணாம்! பள்ளத்தெருவுல வடியுது, இனிமே இதைத் தொட வேண்டியதே இல்ல!"

"நாளைக்கு உன்னை நிக்க வெச்சுக் கேப்பானுங்க" என்றார் ஐயாவு, மூச்சிரைக்க. "எங்கப்பன் வயலும் முழுகித்தான் கெடக்குன்னு சொல்லு."

"முழுகாமலே இருக்கட்டும்ப்பா! நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்கு வாயில்லையா?"

"ஒனக்கு வாய் இருக்கு. அவனுங்களுக்குக் காது இருக்கணுமே."

அவள் செருப்போடு குதித்தாள். அவர் கையிலிருந்த மூட்டையைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் முன்னால் உடைக்காதே என்று நின்ற மனிதர், இப்போது விடு விடு என்று மகளோடு மல்லுக்கு நின்றார். நனைந்த சாக்கு நடுவில் கிழிந்து மணலெல்லாம் அவர்கள் கால்மேல் கொட்டியது. அந்த இடம் பலவீனப்பட்டதும் மொத்த வரிசையும் நழுவியது. ஃபாஜில் ஓடிவந்து இருவரையும் கைகொடுத்துக் கரைக்கு இழுத்தான். மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

தண்ணீர் தூர்ந்த வடிகாலில் இறங்கி, வளைவில் கரை தாண்டி, ஐயாவுவின் வயலுக்குள் புகுந்தது. வேகம் பாதிதான், மீதி தரிசுக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் ஒரு சாண் பயிருக்குப் பாதி போதாதா? வரப்போரத்து நாற்றுகள் முதலில் ஆடின. பிறகு ஒவ்வொரு பாத்தியாகப் பச்சை மறைந்தது.

ஐயாவு பார்க்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனிமொழி பார்த்தாள். கடைசி நுனி மறையும்வரை பார்த்துவிட்டுத் தியாகேசன் பக்கம் திரும்பினாள்.

"இதையும் எடுங்க" என்றாள். "எடுங்க சார். கலெக்டருக்குக் காட்டணும்ல?"

தியாகேசன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.