புகார் எண் 4417

தப்பு என்னுடையதுதான். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நகராட்சிப் புகார் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். போன வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி. "நாப்பது வருஷம் கழிச்சு இந்த ஊர்ல இருக்கிற ஒருத்தரா உங்களை நினைச்சுக்கிட்டு, இன்னைக்கு இருக்கிற ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதுங்க" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். மற்றவர்கள் பறக்கும் பஸ், பேசும் தெருவிளக்கு என்று அளந்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவுக்கு மேட்டுப் பக்கம் இருக்கிற குளத்தை மண் போட்டு மூடி, வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். என் தங்கைக்கோ இது ஏழாம் மாசம். பிறக்கிற பிள்ளை அந்தத் தெருவில்தானே வளர வேண்டும்? நான் வேறு எதை எழுதுவேன்!

கைப்பழக்கம், புகார்ப் படிவத்திலேயே எழுதிவிட்டேன். புகார்தாரர்: என் தங்கை பிள்ளை. புகார்: மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். காரணம்: குளத்தை மூடியது. எழுதியதைக் கொண்டுபோய், வந்த புகார்களை வைக்கும் வழக்கமான தட்டிலேயே போட்டும் தொலைத்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் அதற்கு எண் கொடுத்துவிட்டார்கள்.

எண் விழுந்தால் விழுந்ததுதான். பொறியாளர் நேரில் பார்த்துப் பதில் எழுதி, ஃபைலை முடிக்கும்வரை அந்த இடத்தில் ஒரு கூடை மண் கொட்ட முடியாது.

எங்கள் பொறியாளரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். படிவத்தோடு வந்து குதித்தார்.

"என்னங்க இது? பொறக்காத பிள்ளை புகார் குடுக்குமா? விளையாடுறீங்களா?"

"தப்புதான் மேடம். ஆனா நம்பர் விழுந்துடுச்சே. போய்ப் பாத்துட்டு, பொய்யின்னா பொய்யின்னே எழுதிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொய் என்று எழுதிவிட்டால் நாளைக்கே லாரி வந்து நிற்கும்.

நாலரைக்குத் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு.

"உங்க தெரு குளத்தைவிட நாலடி பள்ளத்துல இருக்கு. வரைபடம் போட்டவன் ரெண்டையும் சமமா காட்டி வச்சிருக்கான், பாவி! குளத்தை மூடினா மேட்டுத் தண்ணி மொத்தமும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வரும்."

உட்கார்ந்து எழுதினார்: 'புகார் உண்மை. குளத்தை மூடக் கூடாது.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்திலும் குமாஸ்தா புத்தி போகவில்லை.

"ஃபைலை முடிக்க, கீழே புகார்தாரர் கையெழுத்து வேணும் மேடம். நான் போட்டுடவா?"

வெடுக்கென்று படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க யாரு போட? பொறந்து, எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, அதுவே வந்து போடட்டும். அதுவரைக்கும் ஃபைல் திறந்தே கிடக்கட்டும்."

உடனே தங்கைக்குப் போன் போட்டேன்.

"பிள்ளைக்கு ஆபீஸ்ல ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு. அவசரமில்ல, மெதுவா வளந்து வரட்டும். குளம் அங்கயேதான் இருக்கும்."