கோடைத் தாடி

கோடையில் தாடி வளர்க்கச் சொல்கிறவன் நண்பனாக இருக்க முடியாது. இது என் மனைவியின் கருத்து. எனக்கு அந்தக் கருத்து வர இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது, ஆனால் வந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை.

சொன்னவன் மாஸ்டர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறான். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, இரண்டாவது நாற்காலிக்கு ஒரு பையன், பின்னால் துண்டு காயப்போடுகிற சின்ன அறை. அந்த அறையில் ஸ்டூல் மேல் ஒரு கேரம் போர்டு. கத்திக்கும் கேரமுக்கும் சேர்த்துத் தெரு கொடுத்த ஒரே பட்டம்தான் மாஸ்டர். என்னை அவன் ஆபீசர் என்பான். நான் அப்படியொன்றும் பெரிய ஆபீசர் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விழுந்துவிட்டேன், கை உடைந்துவிட்டது என்று வருகிற கோரிக்கைகளைப் பார்த்து நிஜமா நடிப்பா என்று சொல்ல வேண்டும். கழுத்தில் பட்டை போட்டு வருகிறவரைப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவேன். சட்டென்று திரும்பினால் ஆள் காலி. கையில் கட்டோடு வருகிறவர் முன்னால் பேனாவைத் தவறவிடுவேன். எந்தக் கை நீள்கிறது என்று பார்ப்பேன்.

இப்படியே வயிறு வளர்த்தவன் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன், சிரிக்காவிட்டால் அதைவிட அதிகமாக யோசிப்பேன். ஆனால் என் கழுத்து விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் மாஸ்டரின் கத்தியைத் தவிர வேறு கத்தி பட்டதில்லை. தாடைக்குக் கீழே இடப்பக்கம் எனக்கு ஒரு மச்சம் உண்டு. அவன் கத்தி அந்த இடம் வந்ததும் தானாக வளைந்து போகும். நான் கண்ணை மூடிக்கொண்டு, சில நாள் குறட்டைகூட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெயில் ஏறத் தொடங்கிய நாளில் வழக்கம்போல நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான்.

"ஆபீசர், உனக்குத் தாடி எடுப்பா இருக்கும்யா. கொஞ்ச நாள் விட்டுப் பாரேன்."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான் நல்லா வளரும்."

யார் சொன்னது என்று கேட்டேன். துண்டை உதறி மடித்து வைத்துவிட்டு, "வா, ஒரு ஆட்டம் போடலாம்" என்று பின்னறைக்குப் போய்விட்டான். அடுத்த வாரமும் அதே கதைதான். அதற்குள் தாடை முழுக்க அரிப்பு. ஆபீசில் ஒரு கோரிக்கைக்காரர் என்னைப் பார்த்து, "சார், வீட்ல ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

"ஏங்க, உங்க சிநேகிதர் உங்க மேல ஏதோ கோவத்துல இருக்கார்" என்றாள் மனைவி.

"கோவம் எதுக்கு?"

"அத நீங்கதான் யோசிக்கணும். ஊர்ல இருக்கற எல்லாரையும் சந்தேகப்படறீங்க, இந்த ஒருத்தர விட்டுட்டீங்க. அவர்தான் உங்க மூஞ்சிய புதராக்கி வச்சிருக்கார்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், மாஸ்டர் கேரமை இடது கையால் ஆடிக்கொண்டிருக்கிறான்! எத்தனையோ வருஷமாக வலது கையால் என்னைத் துவைத்துக் காயப்போட்டவன். ஏன் என்று கேட்டால், "சும்மா ஒரு மாறுதலுக்கு" என்றான். உன்னை ஜெயிக்க இந்தக் கையே போதும் என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. சரி, ஆடு என்று ஆடினேன். ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு வீடு வரை விசிலடித்துக்கொண்டு போனேன். மறுநாளும் ஜெயித்தேன், அதற்கடுத்த நாளும். விசில் நின்றுபோனது. நான் அவ்வளவு நல்ல ஆட்டக்காரன் இல்லை, அது எனக்கே தெரியும்.

ஒரு சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். சிவப்புக் காயை, அந்த ரெட்டை, மூலைக் குழியின் வாயிலேயே விட்டு வைத்தேன். ஊதினாலே விழும். மாஸ்டர் பவுடரைத் தூவினான், ஸ்ட்ரைக்கரை வைத்தான், இடது கையால் சுண்டினான். ஸ்ட்ரைக்கர் ரெட்டைத் தொடாமல் பக்கத்துக் கட்டையில் இடித்துத் திரும்பியது. அவன் வலது கை அந்த நேரமெல்லாம் தொடைக்கு அடியில் இருந்தது. நடுவில் டீ வந்தபோது கிளாஸைக்கூட இடது கையால்தான் எடுத்தான். எனக்கு அது பழகின காட்சி. நடிப்பில் ஊறியவர்கள் இப்படித்தான், கோரிக்கை பாஸாகும் வரை வீட்டில்கூடக் கட்டை அவிழ்க்க மாட்டார்கள்.

"வேணும்னே தோக்கறியா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. நல்லாத்தான் ஆடறேன்."

"உன் நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாதா?"

அவன் சிரித்துக்கொண்டே காய்களை அடுக்கினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் எனக்கு விளங்கியது இரண்டு நாள் கழித்துத்தான். ஆபீசிலிருந்து சலூனுக்குள் நுழைகிறேன், மருந்துக்கடைக்காரர் மாஸ்டரின் காதோடு ஏதோ பேசிவிட்டு, அவன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பேச்சைப் பாதியில் மாற்றுகிறவர்கள் எப்போதும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். குடியிருப்போர் சங்கம் கோடை தோறும் இரட்டையர் கேரம் போட்டி நடத்தும். நானும் மாஸ்டரும் ஒரு ஜோடி. கோப்பையைத் தொட்டதில்லை, ஆனால் ஜோடி மாறியதும் இல்லை. மருந்துக்கடைக்காரர் போன வருஷம் ஒற்றையரில் ஜெயித்தவர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராக இருந்தது. மாஸ்டர் என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் தன் ஆட்டம் போய்விட்டதாக என்னை நம்பவைத்து, நானாகவே விலகும்படி செய்கிறான். தாடியும் அதற்குத்தான், இந்தக் கோலத்தில் எவன் மேடை ஏறுவான்?

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வேறு யாராவது செய்திருந்தால் 'தெரிந்த கதைதானே' என்று போயிருப்பேன். நம்பின ஒரே ஆள் இவன்.

மறுநாள் காலை, கடை திறந்த கையோடு மருந்துக்கடைக்குப் போனேன். முந்திக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"இந்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஜோடி சேரலாமா?"

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்டர்கிட்ட கேட்டீங்களா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன்தான் இப்ப சரியா ஆடறதே இல்லையே."

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "சரி, உங்களுக்கு இஷ்டம்னா" என்றார். திருட்டு முழி முழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சங்கத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று பார்த்தால், பல் பிடுங்கின மாதிரி இருந்தது.

திரும்பி வரும் வழியில் பேன்ஸி ஸ்டோர் வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தான். கையில் பலூன் பாக்கெட்டுகள். ஒன்றல்ல, அள்ளிக்கொண்டு நின்றான். அவன் வீட்டில் குழந்தை கிடையாது. மகன் வேலைக்கு வெளியூர் போய் வருஷக்கணக்காகிறது.

"யாருக்கு இவ்ளோ பலூன்?"

"பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு."

அவன் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு என்று எழுதின பலகையை நானே பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவன் விவரம் ஒன்றைக் கூடுதலாகச் சொல்வான், அங்கேதான் மாட்டுவான். அன்றைக்குச் சலூனுக்கு வார விடுமுறை. ஆனால் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைப் பக்கம் நடந்தான். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தாடிக்குள் வேர்வை ஊர்ந்தது.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பட்டென்று ஒரு சத்தம், மாஸ்டரின் குரலில் ஒரு கெட்ட வார்த்தை. மறுபடி அமைதி. இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே நுழைந்தேன்.

வாடிக்கையாளர் நாற்காலியில் ஒரு பலூன் உட்கார்ந்திருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் நூலால் கட்டி, கீழே துண்டு போர்த்தி, முழுக்க நுரை தடவியிருந்தான். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இடது கையில் கத்தியோடு அதற்குச் சவரம் செய்துகொண்டிருந்தான் மாஸ்டர்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றேன்.

பட். நுரை பாதி என் தாடியில், பாதி அவன் மூக்குக் கண்ணாடியில்.

அவன் கத்தியை மடித்து வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதையும் இடது கையால்தான்.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்றேன், கிண்டலாக.

"இந்தக் கைக்குத்தான்" என்று இடது கையைக் காட்டினான். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினான்.

பெரிய லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, விரல்கள் அப்படி அதிர்ந்தன. அவன் நிறுத்தப் பார்த்தான், இன்னும் அதிகமானது. இதை நடித்துக் காட்ட முடியாது. நடிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

"வெயில் ஆரம்பிக்கும்போதே வந்துடுச்சு. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். குறையும், ஆனா போகாதுன்னுட்டார். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா எவன்யா கழுத்த குடுப்பான்? கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"அதுக்குத்தான் கேரமா?"

"சுண்டி சுண்டித்தான் விரல் பழகுது. கொஞ்சம் தேறிடுச்சு, நீதான் பாத்தியே."

பார்த்தேன். ரெட்டைத் தொடாமல் போன ஸ்ட்ரைக்கரைப் பார்த்தேன், தொடைக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தேன், டீ கிளாஸைப் பார்த்தேன். பொய்க் காயத்தைப் பிடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன், மறைத்து வைத்த நிஜத்தை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு நடிப்பு என்று எழுதிக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா? பேனாவ கீழ போட்டுப் பாத்திருப்ப."

அவன் சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"மத்த கழுத்தையெல்லாம் ரெண்டாவது நாற்காலிப் பையன்கிட்ட தள்ளிட்டேன். உன்ன எங்க தள்ளறது? நீ வேற ஆள் கத்திய கிட்ட விடமாட்ட. அதான் தாடி வளக்கச் சொன்னேன், இந்தக் கை தயாராகற வரைக்கும்."

கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுத்த பலூன் ஊதித் தயாராக இருந்தது. பேனாவால் அதில் ஒரு முகம். ஏறின நெற்றி, சேர்ந்த புருவம், கோணலான மூக்கு. தாடைக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. உடைந்து கிடந்த பலூன்களெல்லாம் நான்தான். ஒரு கோடை முழுக்க இந்த ஆள் என் கழுத்தை வைத்துத்தான் பழகிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? பலூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மச்சம் தப்பு" என்றேன்.

"என்ன தப்பு?"

"எனக்கு மச்சம் இடப்பக்கம். நீ வலப்பக்கம் வச்சிருக்க."

அவன் பலூனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எதிரே கண்ணாடியில் இருந்த என்னைப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "இத்தனை வருஷமா உன் மூஞ்சிய கண்ணாடிலதானேய்யா பாத்திருக்கேன். அப்படியே வரஞ்சுட்டேன். போச்சு, இத்தனை நாளும் தப்பான பக்கத்துல வளைச்சுப் பழகியிருக்கேன்."

நான் நாற்காலியிலிருந்த ரப்பர்த் துண்டுகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். துண்டை நானே கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

"சரியான பக்கத்துல மச்சம் உள்ள ஆள் வந்தாச்சு. போடு."

"வேண்டாம்யா. இன்னும் தேறல."

"கேரம்ல மட்டும் தேறாமயே என்கூட ஆடினியே."

இடது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். பிறகு கத்திரியால் தாடியைக் குறைத்தான், நுரை தடவினான், கத்தியை விரித்தான். இடது கை என் தாடையருகே வந்தது. பயமாக இருந்தது, பொய் சொல்வானேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "போட்டிக்கு மருந்துக்கடைக்காரரோட பேர் குடுத்துட்டேன்."

"தெரியும். காலைலயே ஃபோன் பண்ணிட்டார். வாய அசைக்காத."

தெரிந்துகொண்டுதான் அவன் அந்தப் பலூன்களை வாங்கியிருக்கிறான்.

"மாத்திடறேன்."

"இந்தக் கையோட ஆடினா முதல் சுற்றுலயே வெளிய போயிடுவோம்."

"போவோம்."

கத்தி மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கியது. ஒரு கன்னம் முடிந்தது. தாடைக்குக் கீழே வந்தது. மச்சத்துக்குப் பக்கத்தில் வளைய வேண்டிய இடத்தில் சுரீரென்றது.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் நுரையின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு. அதற்குப் பின்னால் மாஸ்டரின் முகம். அந்த முகத்தில் சலூன், நாற்காலி, இத்தனை வருஷத் தொழில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. கத்தியை மடிக்கப் போனான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆபீசில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"காயம் நிஜம்தான். ஆனா இவ்ளோ சின்னதுக்கெல்லாம் கோரிக்கை கிடையாது. தள்ளுபடி."

பிறகு கண்ணை மூடி, மறு கன்னத்தை அவன் பக்கம் திருப்பினேன்.